அகராதி வாங்கும் முன் ‘அன்வாரண்டட்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அகராதிக்கும் பொருந்தும். கடையில் நின்றுகொண்டு எழுநூறு பக்கத்தையும் புரட்ட முடியாது. ஒரே ஒரு சொல்லை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும், புத்தகம் வெந்திருக்கிறதா அரைவேக்காடா என்று தெரிந்துவிடும். அதற்குத் தோதான சொல் ‘அன்வாரண்டட்’ (unwarranted). நியாயம் சொல்ல முடியாத செயல்களுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயரடை. வங்கித் தேர்வின் எதிர்ச்சொல் கேள்வி, நீதிமன்றத் தீர்ப்பு, ஓசூர் கம்பெனிகள் கொடுக்கும் மெமோ, ஆங்கில நாளிதழின் தலையங்கம் என எல்லா இடத்திலும் தலைகாட்டும். பார்க்க எளிதாக இருக்கும். தமிழில் சொல்லுங்கள் என்றால்தான் நாக்கு தடுமாறும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பேருந்து நிலையக் கடைகளிலும், ஸ்டேஷனரிக் கடைகளிலும், புத்தகத் திருவிழா அரங்குகளிலும் கிடைக்கும் அகராதிகளை மூன்று தரமாகப் பிரிக்கலாம்: சட்டைப் பையில் அடங்குவது, நடுத்தர ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ், தடிமனான ஆங்கிலம்-ஆங்கிலம். நாலாவதாக, காசில்லாமல் கையிலேயே இருக்கும் செல்போன் மொழிபெயர்ப்பு. பதிப்பகப் பெயர்களை இங்கே சொல்லப்போவதில்லை. முதல் இரண்டு தரத்திலும் அட்டை மாறுகிற அளவுக்கு உள்ளடக்கம் மாறுவதில்லை.

விடை தெரிந்தால்தானே விடைத்தாளைத் திருத்த முடியும்? அதனால் முதலில் சொல்லைப் பார்ப்போம்.

நடுவில் இருப்பது வாரண்ட். நமக்கு வாரண்ட் என்றால் போலீஸ். சறுக்கல் அங்கேதான் ஆரம்பம். ஆங்கிலத்தில் அது வினைச்சொல்லாகவும் வரும். ‘தகுந்த காரணமாக அமைதல்’ என்று பொருள். சாதாரணச் சளிக்கு ஊசி கேட்கும் ஆளிடம் நாம் என்ன சொல்வோம்? ‘ஊசி போடுற அளவுக்கு ஒண்ணும் இல்லைங்க.’ இந்த ‘அளவுக்கு ஒண்ணும் இல்லை’ இருக்கிறதே, அதுதான் ‘டஸ் நாட் வாரண்ட்’. அந்த அளவுக்கு ஒன்றுமே இல்லாதபோது ஒருவர் செய்துவிடும் காரியம் அன்வாரண்டட். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சொல்லின் பூர்வீகம் பிரெஞ்சு. ‘வ’ ஒலி வடக்குப் பிரெஞ்சுப் பேச்சிலிருந்தும், அதே சொல்லின் ‘க’ ஒலி வடிவம் நடுப்பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. அதனால்தான் ஒரே வேரிலிருந்து வாரண்டி, கியாரண்டி என்று இரண்டு. ஹாஸ்டலில் வார்டன், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் கார்டியன்; இவையும் அப்படிப் பிரிந்த பங்காளிகள்தான். மிக்சி வாங்கும்போது கொடுக்கும் வாரண்டி அட்டை ‘கோளாறு வந்தால் நான் பொறுப்பு’ என்கிறது. போலீஸ் வாரண்ட் ‘இந்தக் கைதுக்கு நீதிமன்றம் பின்னால் நிற்கிறது’ என்கிறது. பின்னால் நிற்க எந்தக் காரணமும் இல்லாத செயலுக்கு முன்னால் ‘அன்’ ஒட்டிக்கொள்கிறது.

இனி அந்தச் சறுக்கல். ‘அன்வாரண்டட் அரெஸ்ட்’ என்பதை ‘வாரண்ட் இல்லாத கைது’ என்று எழுதினால் பொருளே கவிழ்ந்துவிடும். பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 35-ஆம் பிரிவு. அப்படிச் செய்த கைது முழுக்க நியாயமாகவும் இருக்கலாம். மறுபக்கம், கையில் பிடியாணையோடு வந்து செய்த கைதையும் ‘அன்வாரண்டட்’ என்று வழக்கறிஞர் வாதாடலாம்; காகிதம் இருக்கிறது, காரணம் இல்லை என்று அர்த்தம். காகிதம் இல்லாததைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘வாரண்ட்லெஸ்’ என்று தனிச்சொல்லே உண்டு. ‘அன்வாரண்டட் அரெஸ்ட்’ தமிழில் ‘முகாந்திரமில்லாத கைது’. முகாந்திரம் என்ற சொல்லை நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். அகராதிக்காரர்களுக்குத்தான் அது கண்ணில் படுவதில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் முகாந்திரத்தை ஒட்டினாலும் ஆகாது. பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்தான் தமிழ்ச் சொல்லை முடிவு செய்கிறது. பயம், ஊகம், முடிவு ஆகியவற்றோடு வந்தால் ‘ஆதாரமற்ற’. தாமதம், செலவு என்றால் ‘தேவையற்ற’, இல்லாவிட்டால் பேச்சில் நாம் சொல்லும் ‘அநாவசியமான’. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது. தெலுங்கின் ‘அனவசரம்’, கன்னடத்தின் ‘அனவஷ்யக’ இரண்டும் இதே இடத்தில் உட்காரும். தலையீடு, நுழைவு என்றால் ‘உரிமையில்லாத’ அல்லது ‘அத்துமீறிய’. விமர்சனம், வசை, தாக்குதல் என்றால் ‘தகாத’, ‘காரணமில்லாத’. ‘அநாவசியமான பயம்’ என்று நாம் பேசுவதில் தப்பில்லை. ‘ஆதாரமற்ற தாமதம்’ என்று எழுதினால்தான் கேலிக்கூத்து. எல்லாவற்றுக்கும் ‘நியாயமற்ற’ என்று ஒரே முத்திரை குத்தும் அகராதியை நம்பி எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னும் இரண்டு நுணுக்கம். இந்தப் பெயரடை செயலுக்கும் பேச்சுக்கும் எண்ணத்துக்கும்தான் வரும், ஆளுக்கு வராது. ‘அவன் ஒரு அன்வாரண்டட் மனிதன்’ என்பது ஆங்கிலமே இல்லை. அடுத்தது எழுத்துக்கூட்டல்: மொத்தம் 11 எழுத்து, நடுவில் ஆர் இரண்டு. அந்த இரண்டு ஆரையும் அடுத்த ஏ-யையும் உருவிவிட்டால் மிச்சம் இருப்பது ‘அன்வான்டட்’, அதாவது வேண்டாத. இரண்டும் வேறு வேறு. வேண்டாத விருந்தாளி உண்டு, முகாந்திரமில்லாத விருந்தாளி கிடையாது. தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றாக இந்த ‘அன்வான்டட்’டை வைத்துப் பொறி போடுவது வழக்கம். சரியான விடை ‘அன்ஜஸ்டிஃபைட்’, எதிர்ச்சொல் கேட்டால் ‘ஜஸ்டிஃபைட்’. சட்டவிரோதம் என்று பொருள்படும் ‘இல்லீகல்’ பக்கத்தில் நின்று கூப்பிடும், போகக்கூடாது. சட்டத்துக்கு உட்பட்ட செயலும் அன்வாரண்டட் ஆக இருக்கலாம் என்று மேலே பார்த்தோம்.

சரி, இப்போது கடைக்குப் போகலாம்.

பையடக்க அகராதி. இந்தச் சொல்லைத் தேடினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். சொல்லே இருக்காது, ‘வாரண்ட்’ என்று மட்டும் போட்டு ‘பிடியாணை’ என்று முடித்திருப்பார்கள். பக்கத்தை மிச்சம் பிடிக்க முதலில் வெட்டுவது ‘அன்’ என்று தொடங்கும் சொற்களைத்தான், மூலச்சொல் தெரிந்தால் எதிர்ப்பதம் தானாக வந்துவிடும் என்று நினைப்பு. பிடியாணை என்பதோடு ‘அற்ற’ சேர்த்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்தோமே. இரண்டாவது வகை, சொல் இருக்கும், ‘அதிகாரமற்ற’ என்று ஒற்றைச் சொல் பொருள் இருக்கும். அது பாதி உண்மை, தலையீட்டுக்குப் பொருந்தும், தாமதத்துக்குப் பொருந்தாது. மூன்றாவது வகையில் நாலைந்து தமிழ்ச் சொற்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கியிருப்பார்கள். எதை எங்கே போடுவது என்று ஒரு வரி இருக்காது. மூன்றிலும் இதுவே மேல், என்றாலும் ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் உதவும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் போட்டிருப்பதை விளம்பரமாக அட்டையில் அச்சிடுவார்கள். அதை நம்ப வேண்டாம். இந்தச் சொல்லில் அழுத்தம் இரண்டாவது அசையான ‘வா’ மேல் விழ வேண்டும். தமிழ் எழுத்தில் அழுத்தத்தைக் காட்ட வழியில்லை, தடித்த எழுத்தில் போடலாம் என்ற யோசனையும் பலருக்குத் தோன்றுவதில்லை. ஐந்துக்கு ஒன்றரை கொடுக்கலாம், அதுவும் விலைக்காக. எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்குப் போதும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் இதில் கைவைக்க வேண்டாம்.

நடுத்தர ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ். பெரும்பாலானவர்கள் வாங்க வேண்டியது இதுதான். இதிலும் நல்லது கெட்டது உண்டு. கடையில் நின்றபடியே சோதிக்கும் முறை: ‘அன்வாரண்டட்’ பதிவைத் திறந்து, ஆங்கில விளக்கத்தையும் தமிழ்ப் பொருளையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஆங்கிலத்தில் ‘நியாயமோ தேவையோ இல்லாத’ என்று இரண்டு கிளை இருந்து, தமிழில் ஒன்றுதான் இருந்தால், தமிழ் எழுதியவர் விளக்கத்தைப் படிக்காமல் தலைச்சொல்லை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறார். பிறகு ‘வாரண்ட்’ பதிவுக்குப் போங்கள். பெயர்ச்சொல், வினைச்சொல் இரண்டும் தனித்தனியாக எண்ணிட்டு இருக்கிறதா? வினைச்சொல்லே இல்லையென்றால் கீழே வைத்துவிடலாம். எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றாவது இருந்தால் பையில் போடுங்கள். நல்ல பிரதிக்கு ஐந்துக்கு மூன்றரை.

அதே கையோடு இன்னும் மூன்று சொற்களையும் பார்த்துவிடுவது நல்லது: ‘கிராட்டுயிட்டஸ்’ (gratuitous), ‘வான்டன்’ (wanton), ‘ஆர்பிட்ரரி’ (arbitrary). நான்கும் ஒரே தெருக்காரர்கள், ஆனால் வீடு வேறு. நான்குக்கும் ஒரே பொருள் போட்டிருந்தால் அந்த அகராதி தெருப்பெயரை மட்டும் சொல்லி அனுப்புகிறது.

கிராட்டுயிட்டஸ் ஓசூர் தொழிலாளிக்குப் பழக்கமான கிராஜுவிட்டியின் உறவு. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்தாண்டு முடித்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கிட்டுக் கொடுத்த பணிக்கொடை. லத்தீன் வேருக்குப் பொருள் ‘கைம்மாறு இல்லாமல் தருவது’. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவில் இன்றும் அந்தப் பழைய பொருளில்தான் நிற்கிறது. பொதுவழக்கில் அது ‘கேட்காமலே கொடுத்தது’ என்று திரும்பி, கேட்காமலே கொடுத்த வசை, கதைக்குத் தேவையே இல்லாமல் சினிமாவில் சேர்த்த ரத்தம் என்று போய்விட்டது. அன்வாரண்டட் காரணம் போதவில்லை என்கிறது. கிராட்டுயிட்டஸ், காரணம் வேண்டும் என்றே யாரும் நினைக்கவில்லை என்கிறது.

வான்டன் இன்னும் கடுமை: வீம்புக்கு, விளைவைப் பற்றிக் கவலையே இல்லாமல் செய்வது. இந்தியத் தண்டனைச் சட்டம் 153-ஆம் பிரிவில் இருந்த ‘வான்டன்லி’, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 192-ஆம் பிரிவில் இருக்கிறது. கலவரம் மூளட்டும் என்று சட்டவிரோதமான செயலால் ஆத்திரமூட்டுவது. கலவரம் நடந்துவிட்டால் ஓராண்டு வரை, நடக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. இங்கே நம் ஆட்கள் ஒரு பள்ளத்தில் விழுவார்கள். ‘வான்டட்டா வந்து வம்பிழுத்தான்’ என்று தமிழில் புழங்கும் அந்த ‘வான்டட்’ வேறு. அது ‘வான்ட்’ என்பதிலிருந்து நாமே செய்துகொண்டது, வேண்டுமென்றே என்று பொருள். ஒலியும் பொருளும் நெருங்கி வருவது தற்செயல். விடைத்தாளில் ‘வான்டட்லி’ என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

ஆர்பிட்ரரி என்றால் தன்னிச்சையான. விதியோ அளவுகோலோ இல்லாமல் மனம்போல முடிவெடுப்பது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவோடு இந்தச் சொல்லை உச்ச நீதிமன்றம் சேர்த்துப் பேசத் தொடங்கியது 1974-இல், தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா தொடுத்த வழக்கில். போட்டித் தேர்வுக்காரர்களுக்கு இது இரட்டை லாபம், மொழிக்கும் ஆகும், அரசியலமைப்புக்கும் ஆகும். நீதிப்பேராணைகள் ஐந்தில் ஒன்றான ‘கோ வாரண்டோ’ நினைவிருக்கிறதா? எந்த உரிமையில் இந்தப் பதவியில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பது. அதற்குள்ளும் நம் வாரண்ட்தான்.

மூன்றாவது தரம், தடிமனான ஆங்கிலம்-ஆங்கிலம் மாணவர் அகராதி. ஹார்ன்பி தொகுத்து 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிடத் தொடங்கிய வரிசை இதில் முன்னோடி. அன்வாரண்டட் என்ற சொல்லுக்கு அது ‘ஃபார்மல்’ என்று குறி போடுகிறது. இந்த ஒரு குறிக்கே காசு கொடுக்கலாம். பேச்சில் நண்பனிடம் சொல்லும் சொல் அல்ல, கடிதத்திலும் தீர்ப்பிலும் வரும் சொல் என்று அது எச்சரிக்கிறது. விளக்கத்துக்குப் பின்னால் வரும் எடுத்துக்காட்டுகள்தான் இந்தத் தரத்தின் பலம். எந்தப் பெயர்ச்சொல்லோடு ஒட்டும் என்று அங்கே கிடைக்கும், அதைப் பார்த்துத் தமிழை நாம் தேர்ந்துகொள்ளலாம். தமிழ் ஒரு வரி இல்லை என்பதுதான் குறை. ஆங்கில விளக்கத்தைப் படிக்கவே இன்னோர் அகராதி வேண்டியிருப்பவருக்கு இது வாசலில் சாத்திய கதவு. கனம் வேறு, தருமபுரியிலிருந்து அரூர் வரை பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகிற சமாச்சாரம் இல்லை. மாவட்ட மைய நூலகத்தில் குறிப்புதவிப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். அந்தப் பிரிவு நூல்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள், நோட்டும் பேனாவும் கொண்டுபோக வேண்டும். செல்போனில் அதே பதிப்பகத்தின் இணையதளத்திலும் காசில்லாமல் பார்க்கலாம். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் ஒலியாகக் கேட்கலாம் என்பது அச்சுப் புத்தகத்தால் முடியாத காரியம். நான்கரை.

செல்போன் மொழிபெயர்ப்பு. ஒற்றைச் சொல்லைத் தட்டிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. முழு வாக்கியத்தையும் கொடுங்கள், பக்கத்துப் பெயர்ச்சொல் தெரிந்தால்தான் இயந்திரத்துக்கும் தேர்வு செய்ய முடியும். வந்த தமிழை நகலெடுத்து மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்புங்கள். ‘வித்தவுட் எ வாரண்ட்’ என்று திரும்பி வந்தால், தமிழில் பிடியாணைதான் போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். குரல்வழித் தட்டச்சு செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: நடு அசையை விழுங்கிச் சொன்னால் அது ‘அன்வான்டட்’ என்று எழுதிவிடும், பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடாது, ஏனென்றால் அதுவும் சரியான சொல்தான். வேகத்துக்கு மூன்று, நம்பிக்கைக்கு இரண்டு.

மெமோவுக்குப் பதில் எழுதத்தான் அகராதி தேடுகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு எழுதுங்கள். ‘என் மீதான குற்றச்சாட்டு அன்வாரண்டட்’ என்று ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் உண்டு. சம்பவமே நடக்கவில்லை என்றால் அந்தச் சொல் பலவீனமானது. அங்கே ‘ஃபால்ஸ்’ அல்லது ‘பேஸ்லெஸ்’ என்றுதான் நேராக மறுக்க வேண்டும். பத்து நிமிடம் தாமதமாக வந்தது உண்மை, அதற்கு மூன்று நாள் சஸ்பெண்ட் அதிகம் என்றால், ‘தண்டனை அன்வாரண்டட்’ என்பது கச்சிதம். முதலாவது நடந்ததையே மறுக்கிறது, இரண்டாவது அந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்கிறது. இடம் மாற்றி எழுதினால், செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவது போல மேலாளர் படித்துக்கொள்ள வழி உண்டு. கூடவே ‘முழுக்க’ என்ற பொருளில் ‘டோட்டலி’ என்றோ ‘ஹோலி’ (wholly) என்றோ சேர்ப்பது ஆங்கில வழக்குதான், ஆனால் ஒரு கடிதத்தில் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம். திங்கட்கிழமை குறைதீர் நாள் மனுவுக்கு ‘தேவையற்ற காலதாமதம்’ என்றாலே எல்லாருக்கும் புரியும்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் கட்டமைப்பையும் பாருங்கள். அகராதி வருடக்கணக்கில் புரட்டப்படும் புத்தகம். முதுகின் மேல் விளிம்பை உற்றுப் பார்த்தால், தைத்த புத்தகத்தில் மடித்த தாள்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். வெறும் பசை ஒட்டு என்றால் எல்லாத் தாளும் தனித்தனியாக வெட்டுப்பட்டுப் பசையில் நிற்கும். அதை நடுவில் நன்றாக விரித்தால் ‘பட்’ என்று ஒரு சத்தம் வரும், அந்த இடத்தில்தான் ஆறு மாதத்தில் தாள் உதிரும். நம் ஊர் மார்ச், ஏப்ரல் வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறவர்களுக்குப் பசை இன்னும் சீக்கிரம் விட்டுவிடும். எழுத்து அளவைக் கடையின் குழல்விளக்குக்குக் கீழே பார்க்காமல் வாசலுக்கு ஒதுங்கி, கை நீளத்தில் பிடித்துப் படியுங்கள். தமிழ் எழுத்தில் ‘ணை’யும் ‘னை’யும் பிரித்துத் தெரியவில்லை என்றால் அச்சு மங்கல்.

புத்தகத் திருவிழாவில் வழக்கமாகப் பத்து சதவீதம் கழிவு கிடைக்கும். அங்கே கூட்டத்தில் அவசரப்படாமல் ‘யூ’ எழுத்துப் பகுதியைப் பக்க எண் பார்த்து முழுதாக ஒருமுறை புரட்டுங்கள். ‘அன்’ சொற்கள் கடைசிப் பாரங்களில், அதாவது ஒன்றாக அச்சடித்து மடித்த கடைசித் தாள் கொத்துகளில், வருபவை. பைண்டிங்கில் ஒரு பாரம் விட்டுப்போனால் மொத்தமாகப் பதினாறு பக்கம் போய்விடும், இல்லை அதே பாரம் இருமுறை இருக்கும். அப்படி இருந்தால் வேறு பிரதி கேளுங்கள், பில்லைத் தொலைக்க வேண்டாம். பாரம் விட்டுப்போன பிரதியைப் பில்லோடு கொண்டுபோனால் மாற்றித் தருவது புத்தகக் கடைகளில் வழக்கம்தான்.